பொட்டுக்குக் கீழே சீனா

ஜூலை 4, வெள்ளி

இன்று முதல் நான் இயக்குநர். சினிமா இயக்குநர் இல்லை. தூத்துக்குடி 'தாய்மண்' வீட்டுப்பொருள் நிறுவனத்தின் இயக்குநர். இத்தனை வருடம் மேனேஜர் என்ற பெயரில் லாரிக்காரர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவனை, முதலாளி வெயிலுமுத்து அண்ணாச்சி ஒரே நாளில் சுழல் நாற்காலியில் தூக்கி உட்காரவைத்துவிட்டார்.

ஆபீஸிலேயே விழா. பொன்னாடை, மக்ரூன், மிக்சர். "நம்ம சுயம்புலிங்கம் இல்லேன்னா இந்தக் கம்பெனி இல்ல. இனிமே சட்டப்படி எல்லாத்துக்கும் பொறுப்பு அவருதான்" என்று அண்ணாச்சி மைக்கில் சொன்னபோது அவருக்கே குரல் தழுதழுத்தது. எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டியவர் அண்ணாச்சியின் மருமகன் கிஷோர். அதுவரை இயக்குநராக இருந்தவர் அவர்தான். எனக்காக விட்டுக்கொடுத்திருக்கிறார். இந்தக் காலத்தில் யாருக்கு வரும் அந்த மனசு? சம்பளத்தைப் பற்றி அண்ணாச்சி ஒன்றும் சொல்லவில்லை. பொன்னாடையைப் போர்த்திக்கொண்டு அதைக் கேட்பது நாகரிகமாக இருக்காது என்று நானும் விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அன்னபுஷ்பத்திடம் சொன்னேன். தாலி கட்டிய புருஷன் இயக்குநராகி வந்திருக்கிறான், மீன் அலசிய கையைக்கூடத் துடைக்காமல் சொல்கிறாள்: "மருமவன் எறங்குன நாக்காலில மாமனாரு அடுத்தவன ஏத்துதாருன்னா, ஆணி கீணி இருக்கான்னு பாத்துட்டு உக்காருங்க."

பொறாமை. வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

ஜூலை 9, புதன்

கேஸ் சிலிண்டர் வந்தது. கப்பலும் வந்தது.

கப்பலில் எங்களுடைய பிள்ளையார்கள் வந்திருக்கிறார்கள், ஒரு கண்டெய்னர் நிறைய. ஒரு முழ உயரம், பிளாஸ்டிக், தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் சுற்றும். விநாயகர் சதுர்த்திக்குள் கடைகளுக்குப் போக வேண்டும். ஒரு நாள் தவறினாலும் அடுத்த வருடம் வரை அத்தனை பிள்ளையாரையும் நாங்கள்தான் கும்பிட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

பிள்ளையார் சீனாவிலிருந்து வருகிறார் என்பதை வெளியே சொல்வதில்லை. எங்கள் கடைவாசலில் 'நம் மண், நம் பொருள்' என்று ஆள் உயரத்துக்கு எழுதியிருக்கிறது. அண்ணாச்சி சுதேசி வணிகர் பேரவையின் தலைவர் வேறு. பேரவைக்காரர்களே கூடி அவருக்குச் 'சுதேசிச் செம்மல்' பட்டம் கொடுத்தார்கள். போன வருடம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அந்நியப் பொருள்களைக் குவித்துத் தீ வைத்தார். எரிக்க அந்நியப் பொருள் வேண்டுமே என்று ஊரெல்லாம் தேடிவிட்டுக் கடைசியில் எங்கள் கிடங்கிலிருந்துதான் எடுத்துப்போனோம். மழையில் நனைந்து விலைபோகாத சரக்கு. தேசபக்தியும் ஆயிற்று, கிடங்கும் காலியாயிற்று.

இப்போது ஒரு சிக்கல். வெளிநாட்டிலிருந்து வரும் பொருள் ஒவ்வொன்றிலும் அது எந்த நாட்டில் செய்தது, இங்கே கொண்டுவந்தது யார், குறை இருந்தால் யாரைக் கூப்பிடுவது என்று எழுதிச் சீட்டு ஒட்ட வேண்டும். ஒட்டினால்தான் சுங்கக் கிடங்கை விட்டு வெளியே விடுவார்கள். வாங்குகிறவன் தெரிந்துகொள்ள வேண்டுமாம். வாங்குகிறவனுக்கு எதற்கு இந்த வேண்டாத வேலை என்று சட்டம் போட்டவர்கள் யோசிக்கவில்லை.

ஜூலை 16, புதன்

சீட்டு அச்சாகி வந்தது. அண்ணாச்சியே பக்கத்தில் உட்கார்ந்து வடிவம் சொன்னார். நடுவில் 'உற்பத்தி செய்த நாடு: சீனா'. எறும்புக் கால் போன்ற எழுத்து. அதற்குக் கீழே தடித்த எழுத்தில் 'பொறுப்பாளர்: இயக்குநர் அ. சுயம்புலிங்கம்', கூடவே என் செல்போன் எண்.

"அண்ணாச்சி, உங்க பேருல்லா வரணும்?" என்றேன்.

"எனக்கு எதுக்குவே வெளம்பரம்? கம்பெனி பேரு மூலையில இருக்குல்லா, அது போதும். ஒழைக்கவன் பேரு பெருசா இருக்கட்டும்" என்றார்.

கண் கலங்கிவிட்டது. ஊரில் ஒவ்வொரு பூஜையறையிலும் என் பெயர் இருக்கப்போகிறது. எத்தனை மந்திரிக்குக் கிடைக்கும் இந்தப் பாக்கியம்?

ஜூலை 22, செவ்வாய்

சீட்டு ஒட்டும் வேலை இன்று தொடங்கியிருக்க வேண்டும். தொடங்கவில்லை.

சந்தனமாரி தலைமையில் பேக்கிங் பெண்கள் சுங்கக் கிடங்குக்கு வந்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டார்கள். பெட்டியைத் திறந்து பிள்ளையாரைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அதோடு வேலை நின்றது.

"சார், சீட்ட எங்க ஒட்ட?" என்றாள் சந்தனமாரி.

"முதுகுல ஒட்டு."

"பிள்ளையாரு முதுகுல தரித்திரம் இருக்கும் சார். அதப் பாக்கவே கூடாது. நாங்க உத்துப் பாத்து ஒட்டணுமாக்கும்?"

"அப்ப பாதத்துக்கு அடியில ஒட்டு."

"சாமிய தலகீழாக் கவுக்கச் சொல்லுதியளா? எம்மவளுக்கு இப்பத்தான் வரன் வந்துருக்கு."

வயிறு கூடாது, துதிக்கை கூடவே கூடாது. கடைசியில் ஒருத்தி எலியில் ஒட்டலாம் என்றாள். பிள்ளையாரின் காலடியில் தனியாகக் குத்திவைத்திருக்கும் எலி அது. எல்லோருக்கும் திருப்தி. எனக்கும் சரி என்றுதான் பட்டது. ஆனால் கிடங்குச் சிப்பந்தி கேட்டான்: "எலி மட்டும் சீனா, சாமி உள்ளூரா சார்?" சிப்பந்திகளுக்கு இப்போதெல்லாம் வாய் அதிகம்.

முடிவில் பீடத்தின் முன்பக்கம் என்று தீர்மானமானது.

ஜூலை 23, புதன்

பீடத்தில் ஒட்டினார்கள். ஆனால் ஒட்டிய கையோடு ஒவ்வொரு சீட்டின் மூலையிலும் சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்து, அதன்மேல் குங்குமமும் இட்டார்கள். சாமிமேல் வெறும் காகிதம் ஒட்டக் கூடாதாம். புதுப் பெட்டி, புது வண்டி, புதுக் கணக்கு எதுவானாலும் மங்கலம் வேண்டுமாம். தராசுக்கும் தையல் மெஷினுக்கும் பொட்டு வைக்கிற ஊர், விடு என்று இருந்துவிட்டேன்.

மதியம் அண்ணாச்சி வந்தார். பொட்டைப் பார்த்துக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பக்தியில் மெய்மறந்துவிட்டார் என்று நினைத்தேன்.

"சந்தனமாரி, மூலையில வச்சா அழிஞ்சிரும்லா? நடுவுல வை. நல்லா பெருசா வை" என்று சொல்லி, எந்த இடம் என்று தன் விரலாலேயே தொட்டுக் காட்டினார். சந்தனமும் குறைவாக இருந்ததால் கடைக்கு ஆள் அனுப்பி நயம் சந்தனமாக வாங்கிக் கொடுத்தார். சீக்கிரம் உதிராத சந்தனம்.

தெய்வ காரியத்தில் அவருக்கு இருக்கும் கவனம் வேறு எவருக்கும் வராது.

ஜூலை 26, சனி

காலை காபிக்கு முன்பே போன். விமானத்தில் முன்கூட்டி வந்த மாதிரிப் பிள்ளையார்கள் என் பெயர் போட்ட சீட்டோடு சில கடைகளுக்குப் போயிருந்தன. அதில் ஒன்றை வாங்கியவர். "நீருதான பொறுப்பாளரு? ஒளிவட்டம் சுத்தலவே. நின்னுபோச்சு."

சுவிட்சைத் தட்டிப் பார்க்கச் சொன்னேன். "சாமியத் தட்டச் சொல்லுதீரே, நீரு மனுசனா?" என்று வைத்துவிட்டார்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

அண்ணாச்சி காசி யாத்திரை கிளம்பினார். மருமகனும் உடன் போகிறார். "எல்லாத்தையும் உம்ம கையில விட்டுட்டுப் போறேன்" என்று என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

சுழல் நாற்காலியில் ஏதோ கோளாறு. சாய்ந்தால் ஒரு பக்கமாக இழுக்கிறது. கழுத்து சுளுக்கிக்கொண்டது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பனிமய மாதா திருவிழா. ஊரே விடுமுறை. அன்னபுஷ்பத்தைக் கூட்டிக்கொண்டு போய் வளையலும் பொரியும் வாங்கினேன். கூட்டத்தில் கழுத்தைத் திருப்ப முடியாததால் தெரிந்தவர்கள் கூப்பிட்டும் பார்க்காமல் போனேனாம். "இயக்குநர் ஆனதும் தலை திரும்ப மாட்டேங்குது" என்று பேச்சு கிளம்பியிருக்கிறது.

அண்ணாச்சி காசியிலிருந்து படம் அனுப்பினார். பின்னால் கண்ணாடிக் கட்டடங்கள் வானத்தை முட்டுகின்றன. காசி நன்றாக வளர்ந்துவிட்டது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

சுங்க அதிகாரி சோதனைக்கு வந்தார். வானதி என்று பெயர், சின்ன வயது. ஒரு பிள்ளையாரைக் கையில் எடுத்தார். இன்னொன்றை எடுத்தார். பத்து பெட்டி திறந்து பார்த்தார்.

"எந்த நாட்டுலேர்ந்து வந்ததுன்னு எங்க சார் போட்டிருக்கு?"

"அந்தப் பொட்டுக்குக் கீழதான் மேடம்."

நகத்தால் சுரண்டினார். நயம் சந்தனம், லேசில் வரவில்லை. "பொட்டெல்லாம் ஒரே இடத்துல இருக்கு. இது பக்தி மாதிரி தெரியல சார், அளந்து வச்ச மாதிரி தெரியுது" என்றார். பிறகு சீட்டின் கீழ்ப்பகுதியைப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "நாடு தெரியல. உங்க பேரு மட்டும் நல்லா பளிச்சுனு தெரியுது."

சரக்கை நிறுத்திவைத்துவிட்டார். புதன்கிழமை விசாரணைக்கு வரவேண்டும், ஒட்டியவர்களையும் கூட்டிவர வேண்டும்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பெரிய மனிதனிடம் பேசத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

அண்ணாச்சியிடம் போனில் விஷயத்தைச் சொன்னேன். துளியும் பதறவில்லை.

"அந்தப் பொம்பளையாளுவ தெரியாமச் செஞ்சுட்டாவன்னு சொல்லிரும்வே. படிப்பறிவு இல்லாத சனம், பக்தியில வச்சிட்டுன்னு சொன்னா அதோட முடிஞ்சிரும். நாலு பேர வேலைய விட்டு நிறுத்திட்டேன்னும் சொல்லும். நிறுத்தியும் போடும்."

"நீங்கதான அண்ணாச்சி நடுவுல..."

"ஹலோ? கேக்கல. கங்கைக் கரையில சிக்னல் இல்ல பாத்துக்கிடும்" என்றார். வைத்துவிட்டார்.

அன்னபுஷ்பம் கேட்டுக்கொண்டிருந்தாள். "சந்தனமாரி மவளுக்கு அடுத்த மாசம் நிச்சயம். நேத்துதான் வந்து வெத்தல பாக்கு வச்சிட்டுப் போனா" என்றாள். நான் ஒன்றும் கேட்கவில்லையே, எதற்குச் சொன்னாள் என்று தெரியவில்லை.

இயக்குநர் என்றால் சில கடினமான முடிவுகள் எடுத்துத்தான் ஆகவேண்டும். அண்ணாச்சி சொன்னபடியே சொல்வது என்று தீர்மானித்துவிட்டேன்.

தண்ணீர் லாரி வரவில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

விசாரணை. நானும் சந்தனமாரியும் போனோம்.

சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். 'படிப்பறிவு இல்லாத சனம்' என்று தொடங்கி. நான் தொண்டையைக் கனைப்பதற்குள் சந்தனமாரி முந்திக்கொண்டாள்.

"அம்மா, பொட்டு நாங்கதான் வச்சோம். மூலையிலதான் வச்சோம். மொதலாளிதான் வந்து வெரல வச்சுக் காட்டி நடுவுல வைக்கச் சொன்னாவ. இந்த சார ஒண்ணும் செய்யாதிய. அவருக்கு ஒண்ணும் தெரியாது, பாவம். சும்மா நாக்காலில உக்கார வச்சிருக்காவ."

ஒன்றும் தெரியாதவனாம்! பாவமாம்! அதிகாரி முன்னால், சிப்பந்திகள் முன்னால், என்னைப் போய்! எனக்கு வந்த கோபத்தில் மனப்பாடம் மறந்துபோனது.

"யாரு ஒண்ணும் தெரியாதவன்? அங்க ஒரு துரும்பு அசையணும்னாலும் நான் சொல்லணும். பொட்டு என் பொறுப்பு. சீட்டு என் பொறுப்பு. எல்லாம் நான் சொல்லித்தான் நடந்துது. இந்தப் பெண்களுக்கு இதுல சம்பந்தமே இல்ல" என்று மேஜையைத் தட்டிச் சொல்லிவிட்டேன்.

வானதி மேடம் எழுதிக்கொண்டார். சந்தனமாரி என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. கும்பிடுகிற மாதிரி இருந்தது.

அபராதம். குற்றம் என் பெயரில் பதிவு. பழைய சீட்டைக் கிழித்துவிட்டு, எல்லாம் கண்ணுக்குத் தெரியும்படி புதுச் சீட்டு ஒட்டினால் சரக்கை விடுவார்கள்.

கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போது மேடம் மெதுவாகச் சொன்னார்: "சார், உங்களுக்கு முன்னாடி பொறுப்புல இருந்தவர் பேருல போன வருஷமே இதே மாதிரி ஒரு குற்றம் பதிவாயிருக்கு. மறுபடி மறுபடி மாட்டினா ஜெயில் வரைக்கும் போகலாம். அதனாலதான் அவரை மாத்தியிருப்பாங்க. யாராவது சொன்னாங்களா உங்ககிட்ட?"

"எல்லாம் தெரியும்" என்றேன்.

"புதுச் சீட்டுல இறக்குமதி செஞ்சவர் பேரு, விலாசம், போன் நம்பர் எல்லாம் தெளிவா இருக்கணும். என்ன வாசகம்னு நீங்கதான் முடிவு பண்ணணும். சட்டப்படி அந்த அதிகாரம் உங்களுக்குத்தான்."

வீட்டில் சாளைக் குழம்பு. இறங்கவில்லை. முள் அதிகம்.

ஆகஸ்ட் 14, வியாழன்

நாற்காலியைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு திருகு இல்லவே இல்லை. கிஷோர் உட்கார்ந்திருந்த காலத்திலிருந்தே அப்படித்தானாம்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

ஆபீஸில் கொடியேற்றினேன். அண்ணாச்சி காசியிலிருந்து செல்போன் வழியாகச் சுதேசி உரை நிகழ்த்தினார். 'அந்நியப் பொருளைத் தீண்ட மாட்டேன்' என்று எல்லோரையும் உறுதிமொழி எடுக்கவைத்தார். அவருக்குப் பின்னால் யாரோ சத்தமாகச் சீன மொழியில் விலை சொல்லிக்கொண்டிருந்தார். கங்கைக் கரைக்கு எல்லா நாட்டுக்காரரும் வருவார்கள்.

உறுதிமொழி எடுக்கும்போது எனக்குக் கை தூக்க முடியவில்லை. சுளுக்கு தோள்பட்டைக்கு இறங்கிவிட்டது.

ஆகஸ்ட் 16, சனி

அச்சகத்துக்கு நானே போனேன். சட்டத்தை வரி வரியாகப் படித்துவிட்டுத்தான் போனேன். தெளிவாக, பெரிதாக, அழியாத மையில் என்று இருக்கிறது. இதுவரை நாங்கள் சட்டத்தை அரைகுறையாக மதித்திருக்கிறோம். இனி முழுமையாக மதிப்பது என்று தீர்மானம்.

புதுச் சீட்டு உள்ளங்கை அகலம்.

'உற்பத்தி செய்த நாடு: சீனா. இறக்குமதி செய்து வழங்குபவர்: சுதேசிச் செம்மல் கு. வெயிலுமுத்து, தலைவர், சுதேசி வணிகர் பேரவை, தூத்துக்குடி. குறைகளுக்கு...' என்று போட்டு அண்ணாச்சியின் சொந்த செல்போன் எண்.

சட்டத்தில் படம் கேட்கவில்லை. ஆனால் படம் கூடாது என்றும் இல்லை. பேரவை நோட்டீஸில் அண்ணாச்சி கைகூப்பிச் சிரிக்கும் படம் இருக்கிறதே, அது மூலையில் நன்றாகப் பொருந்தியது. அச்சகக்காரன் இரண்டு தடவை கேட்டான்: "அண்ணாச்சிக்குத் தெரியுமா?" பொறுப்பு என்னுடையது என்றேன். அந்த வார்த்தையை இப்போதுதான் எனக்குச் சரளமாகச் சொல்ல வருகிறது.

ஆகஸ்ட் 18, திங்கள்

புதுச் சீட்டு ஒட்டுகிறார்கள். சந்தனமாரி படத்தைப் பார்த்துவிட்டு வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

"சார், பொட்டு வைக்கலாமா?"

"வை. ஆனா எழுத்து மேல வேண்டாம்."

"மொதலாளி படத்துக்கு வைக்கலாமா?"

"உயிரோட இருக்கிறவருக்கும் வைக்கலாம். நெத்தியில மட்டும் வை."

ஆகஸ்ட் 20, புதன்

வானதி மேடம் வந்தார். ஒன்றை எடுத்துத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார், பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். "இவ்வளவு தெளிவா யாரும் ஒட்டி நான் பார்த்ததில்ல சார்" என்றார். சிரிப்பை அடக்குகிற மாதிரி தெரிந்தது. சின்னப் பெண்தான், ஆனால் நல்ல அதிகாரி. முன்பு நான் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்.

மாலையே சரக்கு கிளம்பிவிட்டது. நெல்லை, நாகர்கோவில், கோவில்பட்டி, மதுரை.

ஆகஸ்ட் 23, சனி

அண்ணாச்சி காசியிலிருந்து திரும்பினார். கங்கைத் தீர்த்தம் கொண்டுவரவில்லை. தினுசு தினுசாகக் கொலு பொம்மை மாதிரிகள் கொண்டுவந்திருந்தார்.

கடைவாசலில் கால் வைத்ததுமே தன் முகத்தைத் தானே பார்த்துவிட்டார், அலமாரி நிறைய.

"யாரக் கேட்டுவே எம் படத்தப் போட்டீரு?"

"சட்டம் கேட்டுது அண்ணாச்சி. இறக்குமதி செஞ்சவரு யாருன்னு தெரியணுமாம்."

"பொறுப்பு உம்மதுன்னு எழுதிக் குடுத்திருக்குல்லா!"

"ஆமா அண்ணாச்சி. அதான் பொறுப்பா ஒட்டினேன்."

"ஒரு சீட்டு விடாமக் கிழிச்சு எறியும்வே!"

"கிழிச்சா குற்றம் அண்ணாச்சி. மறுபடி மறுபடி மாட்டினா ஜெயில் வரைக்கும் போகலாமாம். மருமகன்ட்ட கேளுங்க, அவருக்கு வெவரம் தெரியும்."

கிஷோர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சரக்கும் எல்லா ஊருக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. அண்ணாச்சி ஆபீஸுக்குள் வந்து என் நாற்காலியை ஓர் உதை விட்டார். ஏற்கெனவே திருகு இல்லாதது, சரிந்துவிட்டது.

இயக்குநர் பதவியும் மேனேஜர் வேலையும் ஒரே நேரத்தில் போயின. மனதுக்கு வலித்தது. பொய் எழுதுவானேன், நன்றாகவே வலித்தது. வெளியே வந்தால் சந்தனமாரி என் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு நிற்கிறாள். தெருமுனைவரை அவளே தூக்கி வந்தாள்.

வீட்டில் அன்னபுஷ்பம் என் முகத்தைப் பார்த்தாள். "நாக்காலி போச்சா? கழுத்து சரியாப் போயிரும்" என்றாள். பொன்னாடையை எடுத்து ஃபிரிட்ஜ் மேல் விரித்துவிட்டாள்.

ஆகஸ்ட் 27, புதன், விநாயகர் சதுர்த்தி

கழுத்து சரியாகிவிட்டது.

வீட்டில் கொழுக்கட்டை. பூஜையில் எங்கள் கம்பெனிப் பிள்ளையார்தான், புதுச் சீட்டோடு. கடைக்குப் போய்க் காசு கொடுத்து வாங்கிவந்தேன். கற்பூரம் காட்டும்போது ஒளிவட்டம் இரண்டு சுற்று சுற்றிவிட்டு நின்றுவிட்டது.

"குறை இருந்தா யாருகிட்ட சொல்லணும்னு போட்டிருக்கு?" என்றாள் அன்னபுஷ்பம், சீட்டைக் காட்டி. அவளுக்குப் படிக்கத் தெரியும். இருந்தாலும் என்னைக் கேட்டாள்.

வாடிக்கையாளரின் உரிமை. அவள் போனிலிருந்தே எண்ணை அழுத்தினேன். பிஸி. கொழுக்கட்டை தின்றுவிட்டு அழுத்தினேன். பிஸி. ஐந்தாவது கொழுக்கட்டைக்கு யாரோ எடுத்தார்கள். கிஷோர் குரல்.

"மாமா பேரவை மேடையில இருக்காவ, பேச முடியாது. ஒளிவட்டம் சுத்தலன்னுதான பேசுதிய? காலையிலேருந்து நெல்லை, நாகர்கோவில், மதுரைன்னு ஒரே போனு. சுதேசிச் செம்மல் இருக்காவளான்னு கேட்டுச் சிரிக்கானுவ. ஆமா, நீங்க எந்த ஊருலேருந்து பேசுதிய?"

"இந்த ஊருதான். உள்நாட்டு உற்பத்தி" என்று சொல்லிவிட்டு, சுவிட்சைத் தட்டிப் பார்க்கலாமா என்று கேட்டேன்.